எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்குவது?

எங்கள் சேரியில் பால்வாடிக் கட்டடத்துத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பையன்கள் கூடுகிறார்கள். பொண்ணுங்களும் இப்ப வருதுங்க. காலேஜில் படிக்கிற ஒரு தம்பி போன மாசம் நோட்டும் பேனாவுமாக வந்து நின்றான். "அண்ணே, நம்ம வரலாறு தெரியணும்னா எதெதப் படிக்கணும்? ஒரு லிஸ்ட் குடுங்க" என்றான். நான் குடுக்கவில்லை. லிஸ்ட் குடுப்பது சுலபம். அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொள்வது அதைவிடச் சுலபம். அவனிடம் அன்றைக்குச் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

நான் படிக்கிற காலத்தில் ஒரு வாத்தியார் என்னைக் கூப்பிட்டு ஒரு நாவலைக் கையில் வைத்தார். "உங்க ஆளுங்க கதைதான்டா, படி" என்றார். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்'. 1975இல் வந்தது, 1977இல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தேன். முடிக்கும்போது கோபம் வந்தது, ஆனால் யார் மேல் கோபம் என்று பிடிபடவில்லை. அது பிடிபட எனக்கு ஏழெட்டு வருஷம் ஆயிற்று. அதனால்தான் சொல்கிறேன், வெண்மணியிலிருந்து தொடங்குவோம்.

நடந்தது எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். திண்ணையில் கேட்டுப் பார்த்தால் "ஏதோ எரிச்சாங்களாம்" என்கிற அளவுக்குத்தான் தெரிகிறது. கீழத்தஞ்சையில் விவசாயக் கூலிகள் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்திருந்தார்கள். அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள். நிலக்கிழார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று எதிர்ச்சங்கம் கட்டினார்கள். செங்கொடியை இறக்கு, எங்கள் கொடியை ஏற்று என்றார்கள். ஏற்றாத ஊருக்கு வெளியாளை இறக்கி அறுத்தார்கள். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணிச் சேரிக்குள் அடியாட்களோடு புகுந்தார்கள். ஓட முடியாதவர்கள் ராமையாவின் குடிசைக்குள் போய் ஒளிந்தார்கள். அந்தக் குடிசையை வெளியே அடைத்துக் கொளுத்தினார்கள். 44 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அத்தனை பேரும் சேரிக்காரர்கள். அப்போது முதலமைச்சர் அண்ணா.

இப்போது நாவலுக்கு வாருங்கள். டில்லியிலிருந்து வருகிற இரண்டு படித்த இளைஞர்களின் கண் வழியாகக் கதை போகிறது. நிலக்கிழார் கண்ணையா நாயுடு ஆண்மை இல்லாதவர். அந்தக் குறையை மறைக்கத்தான் பெண்களைச் சேர்த்துக்கொள்வதும் அதிகாரம் பண்ணுவதும். அது வெளியே தெரிந்துபோன ஆத்திரம் எரிப்பு வரைக்கும் போகிறது. ஃப்ராய்டை வைத்து வர்க்கத்தை விளக்குகிற வேலை இது. அந்தக் காலத்துப் படிப்பாளிகளுக்கு ரொம்ப ஆழமான பார்வையாகப் பட்டது. இடதுசாரிகள் அப்போதே கண்டித்தார்கள், சரிதான். இந்த நாவலின் சில பக்கங்களைத் திண்ணையில் வாசித்துக் காட்டினேன். நடவுக்குப் போய்விட்டு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கேட்டது: "அவனுக்கு ஆம்பளத்தனம் இல்லாட்டி வைத்தியன்கிட்டப் போவட்டும். நெல்லு கேட்டவள எதுக்கு எரிக்கணும்?" இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படிக்கவில்லை.

பிறகும் ஏன் படிக்கச் சொல்கிறேன்? நம் சாவு மற்றவன் கையில் எப்படிக் கதையாகிறது என்று பார்ப்பதற்கு. அரைப்படி நெல் என்பது ஒரு தனி ஆளின் உடற்குறையாக மாறுகிற இடத்தை விரல் வைத்துக் காட்ட முடிகிற அளவுக்கு அந்த நாவல் நேர்த்தியாக எழுதப்பட்டிருக்கிறது. நேர்த்திதான் ஆபத்து. மோசமாக எழுதியிருந்தால் யாரும் பரிசு கொடுத்திருக்க மாட்டார்கள், நாமும் மறந்திருப்போம்.

அதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது ஒரு கோர்ட்டுத் தீர்ப்பு. சிரிக்காதீர்கள், அதுவும் ஒரு புனைவுதான். 1970இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட மிராசுதார்களுக்குப் பத்து வருஷம் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று என்ன தெரியுமா? இவர்கள் பணக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கள். இப்பேர்ப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவதற்கில்லை. ஆளை அனுப்பிவிட்டுப் பின்னால்தானே இருந்திருப்பார்கள் என்கிற வாதம். நாவலாசிரியருக்கு நாயுடுவின் உடம்புக்குள்ளே காரணம் கிடைத்தது, நீதிபதிகளுக்கு நாயுடுவின் காரில் காரணம் கிடைத்தது. இரண்டு பேருக்குமே குடிசைக்குள்ளே பார்க்கத் தோன்றவில்லை.

சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' 1999இல் வந்தது. எழுதியவர் திருவாரூர்ப் பக்கத்துக்காரர். நாத்தங்கால், களத்துமேடு, காரியக்காரன், மரக்கால் எல்லாம் அதில் அதனதன் இடத்தில் இருக்கின்றன. வசனம் எங்கள் வாய்ப்பேச்சு. கலையாக குருதிப்புனலுக்குக் கீழே என்று சொல்கிறவர்கள் உண்டு. இருக்கட்டும். வயலில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால் இதைத்தான் படிக்க வேண்டும். பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' என்கிற ஆவணப்படத்தையும் பாருங்கள். புத்தகம் இல்லைதான், ஆனால் தப்பிப் பிழைத்தவர்கள் அதில் தங்கள் வாயாலேயே பேசுகிறார்கள்.

வெண்மணியை வர்க்கப் போராட்டம் என்று மட்டும் சொல்கிறவர்களும், சாதிக்கொடுமை என்று மட்டும் சொல்கிறவர்களும் முப்பது வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சங்கத்தில் சேரிக்கு வெளியே இருந்தவர்களும் இருந்தார்கள். எரிந்தது சேரி மட்டும்தான். இந்த இரண்டு வாக்கியத்தையும் ஒன்றாக வைத்துக்கொண்டு யோசிக்கிற பழக்கம் வேண்டும். அதற்கு வெண்மணிக்கு முன்னால் போக வேண்டும்.

முன்னால் போவதற்கு ஆ. சிவசுப்பிரமணியனின் 'தமிழகத்தில் அடிமை முறை' போதும். தமிழில், படிக்கிற மாதிரி எழுதியிருக்கிறார். கல்வெட்டு, ஆளோலை, நாட்டார் வழக்கு என்று பல இடத்திலிருந்து எடுத்துப் போடுகிறார். சோழர் காலத்தைப் பொற்காலம் என்று மனப்பாடம் பண்ணிப் பாஸானவர்கள் கண்டிப்பாகப் படியுங்கள். மனுசன் தன்னையும் பிள்ளைகுட்டிகளையும் கோயிலுக்கு விற்றதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லைத் தாண்டித்தான் நாம் சுற்றுலா போய் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறோம்.

இங்கிலீஷ் தெரிந்த தம்பிகளுக்கு தர்மா குமாரின் புத்தகம் இருக்கிறது, 1965இல் வந்தது, தென்னிந்தியாவில் நிலமும் சாதியும் பற்றியது. வெள்ளைக்காரன் வந்துதான் நிலமில்லாத கூலியை உருவாக்கினான் என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அவன் வருவதற்கு முன்னாலேயே நிலத்தோடு கட்டப்பட்ட அடிமைச் சாதிகள் இங்கே இருந்தன என்று ரெக்கார்டை வைத்துச் சொன்ன புத்தகம். 1843இல் கம்பெனி சர்க்கார் போட்ட சட்டம், அடிமை மேல் உள்ள பாத்தியதையைக் கோர்ட் அங்கீகரிக்காது என்று மட்டும்தான் சொன்னது. அடிமையை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்றானது 1860ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தில். சட்டத்தில் அடிமை போச்சு. பண்ணையாள் என்று பேர் மாறிச்சு. சாணிப்பாலும் சவுக்கடியும் அப்படியே இருந்திச்சு.

காத்லீன் கஃப் என்கிற மானிடவியலாளர் 1950களின் தொடக்கத்தில் தஞ்சாவூர் ஜில்லாவில் இரண்டு கிராமங்களில் தங்கி எழுதியவர். அவர் புத்தகம் 1981இல் வந்தது. அதே வட்டாரத்தைப் பற்றி ஆந்த்ரே பெத்தேயின் புத்தகம் 1965இல் வந்தது. பல்கலைக்கழகத்தில் பாடமாக வைத்திருப்பது பெரும்பாலும் பெத்தேயைத்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பெத்தே அக்கிரகாரத்தில் தங்கினார். அங்கே தங்கிக்கொண்டு சேரிக்குள் இஷ்டத்துக்குப் போய்வர முடியாது. ஆராய்ச்சி பண்ணுகிறவன் ராத்திரி எங்கே படுக்கிறான் என்பதைப் பொறுத்து ஆராய்ச்சி மாறும். இதை நான் கண்டுபிடித்த விதி என்று யாரும் பேர் வைக்க வேண்டாம், சேரியில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

ரூபா விஸ்வநாத் 2014இல் எழுதிய புத்தகம் இந்த வரிசையில் கடைசி. பறையர் 'பிரச்சினை' என்று வெள்ளைக்கார சர்க்காரும் மிஷனரிகளும் பேச ஆரம்பித்து, நிலம் கூலி சம்பந்தப்பட்ட ஒன்றை எப்படி மதம், சமூகப் பழக்கம் என்கிற பக்கமாகத் தள்ளிவிட்டார்கள் என்று காட்டுகிறார். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கை, 1892இல் வந்த பஞ்சமி நில உத்தரவு, குடியிருக்கிற மனையே மிராசுதார் பாத்தியதையில் இருந்த கொடுமை எல்லாம் வருகின்றன. மனை விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். குடிசை நிற்கிற மண் ஆண்டைக்குச் சொந்தம் என்றால், கூலி கேட்ட அன்றைக்கே குடிசையைப் பிரி என்று சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் குடியிருப்பு மனையை அதில் குடியிருப்பவருக்கே சொந்தமாக்குகிற சட்டம் 1971இல்தான் வந்தது. வெண்மணிக்கு மூன்று வருஷம் கழித்து. இந்தத் தேதியை வைத்துக்கொண்டு மறுபடியும் குருதிப்புனலைத் திறந்து பாருங்கள், நாயுடுவின் உடற்குறை எவ்வளவு சின்ன விஷயம் என்று தெரியும்.

நிலத்தில் இருக்க முடியாமல் மலைக்குப் போனவர்கள் கதை வேறு. டாக்டர் பி.எச். டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்தவர், தோட்டத் தொழிலாளர் சங்கத்திலும் இருந்தவர். அவர் இங்கிலீஷில் எழுதிய நாவல் 1969இல் வந்தது. இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று 2007இல் தமிழுக்குக் கொண்டுவந்தார். திருநெல்வேலிச் சீமைக் கிராமத்திலிருந்து கருப்பன், வள்ளி என்கிற புருசன் பெண்டாட்டி மேஸ்திரி பேச்சை நம்பி வால்பாறைக்கு ஏறுகிறார்கள். முன்பணம் வாங்கிய கையோடு கடன். கம்பளிக்குக் கடன், அரிசிக்குக் கடன், காய்ச்சலில் படுத்தால் அந்த நாளைக்குக் கூலி இல்லாமல் அதுவும் கடன். வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் ஊருக்குத் திரும்ப முடியாது. எழுதியவர் டாக்டர், அதனால் மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் எப்படிச் சாகிறார்கள் என்பது தெளிவாக இருக்கிறது. பாலாவின் 'பரதேசி' 2013இல் வந்தபோது இந்த நாவல் பேச்சு அடிபட்டது. படம் பார்த்தாச்சே என்று யாரும் நாவலை விட்டுவிட வேண்டாம். நாவலில் கணக்கு நோட்டு இருக்கிறது. நமக்கு வேண்டியது அந்தக் கணக்கு நோட்டுத்தான்.

இனி நாமே எழுதியவை. பாமாவின் 'கருக்கு' 1992. இதை நான் சிபாரிசு பண்ண வேண்டியதில்லை, ஆனால் எப்படிப் படிப்பது என்று ஒன்று சொல்ல வேண்டும். ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' 2002இல் வந்தது. இவர்கள் அண்ணன் தங்கச்சி. ஒரே புதுப்பட்டி, ஒரே தெரு, ஒரே கோயில், ஒரே சாமியார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். தங்கச்சி கன்னியர் மடத்துக்குள் போய், அங்கேயும் சாதி இருப்பதைப் பார்த்து வெளியே வருகிறார். அண்ணன் படித்து, வேலை தேடி அலைந்து, கடைசியில் வேலைக்காக இந்து என்று சான்றிதழ் வாங்க வேண்டிய இடத்தில் வந்து நிற்கிறார். சிரித்துக்கொண்டே படிக்கலாம், ராஜ் கௌதமனின் கிண்டல் அப்படி. தன்னைத்தானே அவ்வளவு கிண்டல் பண்ணிக்கொண்ட இன்னொரு தமிழ் எழுத்தாளரை எனக்குத் தெரியாது. 2024 நவம்பரில் அவர் போய்விட்டார்.

அந்தச் சான்றிதழ் விஷயத்தில் வரலாறு இருக்கிறது. 1950ஆம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவுப்படி இந்துவாக இருப்பவர்தான் பட்டியல் சாதி. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. கல்லறையில்கூட நடுவில் சுவர் எழுப்பிய ஊர்கள் இருக்கின்ற நாட்டில், கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று சர்க்கார் சொல்கிறது. சட்டப் புத்தகத்தில் இது நாலு வரி. சிலுவைராஜில் அது ஒரு ஆளின் முப்பது வருஷம்.

கருக்கு வந்தபோது சொந்த ஊரிலேயே கோபப்பட்டார்கள், கொஞ்ச காலம் பாமா ஊருக்குள் போக முடியவில்லை. நம்ம சங்கதியெல்லாம் வெளிய சொல்லிட்டாளே என்கிற கோபம். அப்புறம் அதே ஜனங்கள் அதைத் தங்கள் புத்தகம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கோபத்தை இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வேறு மாதிரிச் சந்தித்தது. பறையர்களுக்குத் துணி வெளுத்து, ராத்திரி வீடு வீடாகச் சோறு எடுத்துப் பிழைக்கிற புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை. ஆரோக்கியம் என்கிற பொம்பளைதான் மையம். தலித்துகளையே ஒடுக்குபவர்களாகக் காட்டிவிட்டது, எதிரிக்கு ஆயுதம் கொடுக்கிறது என்று தலித் விமர்சகர்கள் சிலர் எழுதினார்கள். நானும் அப்போது அந்தக் கட்சிதான். இப்ப இல்லை. எங்கள் தெருவுக்கு வெளுத்த குடும்பம் எங்கள் வாசலில் எப்படி நின்றது, எங்க அம்மா எவ்வளவு உயரத்திலிருந்து சோற்றைப் போட்டது என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நாவல் பொய் சொல்லவில்லை. நான்தான் கொஞ்ச நாள் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதை மனசில் வைத்துக்கொண்டு அயோத்திதாசரிடம் போக வேண்டும். 1907 ஜூன் 19இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று ராயப்பேட்டையிலிருந்து வாரப் பத்திரிகை தொடங்கினார். அடுத்த வருஷம் அது 'தமிழன்' ஆயிற்று. 1914இல் அவர் சாகிற வரைக்கும் நடத்தினார். திராவிட இயக்கத்து வரலாறுகளில் பல வருஷம் அவருக்கு ஒரு அடிக்குறிப்பு அளவு இடம்கூடக் கிடைக்கவில்லை. பழைய இதழ்களைக் கறையான் தின்னாமல் அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் வீட்டில் வைத்துக் காப்பாற்றினார்கள். ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வந்தது. நம் தாத்தாக்கள் காலத்தில் நம் ஆள் ஒருவர் பத்திரிகை நடத்தி, பூர்வ பௌத்தன் நான் என்று சொல்லி, இந்த நாட்டின் வரலாற்றையே தலைகீழாகத் திருப்பி எழுதியிருக்கிறார் என்பது எனக்கு முப்பது வயசுக்கு மேல்தான் தெரியும். அந்த அவமானத்தை யார் கணக்கில் எழுதுவது?

நடை கஷ்டம். பழைய தமிழ், நீண்ட வாக்கியம். முதலில் 'இந்திரர் தேச சரித்திரம்' எடுங்கள், அதில் கதைப்போக்கு இருக்கிறது. சொல்லுக்குச் சொல் அவர் சொல்கிற மூலங்களை அப்படியே நம்பவும் வேண்டாம், மொழியியல்காரர் மாதிரி சிரிக்கவும் வேண்டாம். புராணத்தைப் புராணத்தால் அடிக்கிறார், அந்த முறையைப் பாருங்கள். அப்படிப் படிக்கும்போது இன்னொன்றும் கண்ணில் படும். சக்கிலியர், குறவர் போன்றவர்களைத் தம் மக்களிடமிருந்து பிரித்துத் தாழ்த்திச் சொல்கிற இடங்கள் இருக்கின்றன. அருந்ததியர் எழுத்தாளர்கள் இதைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். கேட்டதும் நம்மில் பலருக்குக் கோபம் வந்தது. கருக்கு வந்தபோது ஊருக்கு வந்த அதே கோபம். பெரியாரைக் கேள்வி கேட்க நமக்குள்ள உரிமை, அயோத்திதாசரைக் கேள்வி கேட்க அவர்களுக்கும் உண்டு. அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகாமல் நிறுத்திப் படியுங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கே. டானியலின் 'பஞ்சமர்', யாழ்ப்பாணத்தில் கோயில் கதவும் தேநீர்க்கடையும் திறந்த 1960களின் போராட்டத்தில் நின்றவரே எழுதியது; அவர் 1986இல் தஞ்சாவூரில் இறந்தார், அங்கேயே அடக்கம். டி. செல்வராஜின் 'தோல்', திண்டுக்கல் தோல் ஷாப்புகள். சிவகாமியின் 'பழையன கழிதலும்', நம் வீட்டு ஆம்பளைகள் கண்டிப்பாகப் படிக்க வேண்டியது. சித்தலிங்கையாவின் 'ஊரும் சேரியும்', பாவண்ணன் கன்னடத்திலிருந்து கொண்டுவந்தது; சிரிப்பை ஆயுதமாக எப்படித் தூக்குவது என்று தெரியும். பூமணியின் 'அஞ்ஞாடி', கழுகுமலை, சிவகாசிக் கலவரங்கள் எல்லாம் உள்ளே வருகிற பெரிய நாவல். படுத்துக்கொண்டு படித்தால் நெஞ்சில் விழும், உட்கார்ந்து படியுங்கள்.

தம்பிக்கு லிஸ்ட் குடுக்கவில்லை என்றேன். புத்தகம் குடுத்தேன், 'எரியும் பனிக்காடு'. அவன் படித்துவிட்டு அவங்க அப்பாயிக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். அது வால்பாறையில் பிறந்த பொம்பளை என்று அதுவரைக்கும் அவனுக்கே தெரியாது. "மேஸ்திரி பேரு மட்டும் தப்பா போட்டிருக்கான்" என்றதாம். புத்தகத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, அப்பாயி தலைமாட்டில் வைத்திருக்கு, தரமாட்டேங்குது என்கிறான். இன்னொரு பிரதி வாங்க வேண்டும்.